அப்பாவை எப்படி வெளியே எடுக்கிறது?

மே 11, ஞாயிறு

இந்த வீட்டில் நான் யார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சப்ஸ்டிட்யூட்.

மத்தியானம் என் புருஷன் விஜி ஹாலில் செங்குட்டுவனோடு ஃபுட்பால் கேம் ஆடிக்கொண்டிருந்தான். செங்குட்டுவன் இவனோடு கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். ஞாயிறு ஆனால் எங்கள் சோபாவில் முளைத்துவிடுவான். இரண்டு பேருக்கும் மோர் வைத்துவிட்டு நிமிர்ந்தால், டிவியில் பதினொரு பேரின் பெயர் வரிசையாக நிற்கிறது. விஜி அவன் இஷ்டத்துக்குச் செய்துவைத்த டீமாம். கோல்கீப்பர்: கஸ்தூரியம்மாள். என் மாமியார்! ஆறடி உயரம், பயில்வான் தோள், முழங்கால் வரை சாக்ஸ், தலையில் மட்டும் கொண்டை. கேப்டன்: துரைராஜ், என் மாமனார். புதுச்சேரியில் இருக்கும் நாத்தனார் சங்கீதா, அவள் வீட்டுக்காரர், சித்தப்பா, அவர் பிள்ளைகள். போன வருஷம் செத்துப்போன பெரியப்பாகூட இருக்கிறார், லெஃப்ட் பேக். செத்தவருக்கு இடம் இருக்கிறது.

என்னைத் தேடினேன். கீழே பெஞ்சில், கடைசிப் பெயர். முகம்கூட வைக்கவில்லை. கேம் கொடுத்த மொட்டைத் தலையோடு அப்படியே உட்கார வைத்திருக்கிறான்.

“ஏங்க, நான் எங்கங்க?” என்றேன். மாமியார் காதில் விழும் தூரத்தில் ‘ஏங்க’. அறைக்குள் போனால்தான் ‘டேய்’.

“இருக்கியே. பெஞ்சுல.”

செங்குட்டுவனுக்கு மோர் புரையேறியது. நன்றாக ஏறட்டும்.

மே 12, திங்கள்

அவனோடு பேசவில்லை. சாம்பாரில் உப்பும் போடவில்லை. மறந்துபோய் இல்லை.

மே 15, வியாழன்

சமாதானம் பேச வந்தான். அந்த டீமைக் கல்யாணத்துக்கு முன்பே செய்துவிட்டானாம். நான் வந்தபோது பதினொரு பேரும் நிரம்பியிருந்தார்களாம், அதனால் பெஞ்சாம். “பஸ்ஸுல சீட்டு இல்லன்னா நிக்கறதில்லையா, அந்த மாதிரி” என்றான். கட்டின பொண்டாட்டிக்குச் சொல்கிற பதில் இது.

எனக்கு இந்த பொம்மை டீமைப் பற்றிக் கவலை இல்லை. (இருக்கிறது. ஆனால் அது வேறு.) என் கவலை மாமாவின் ரிடயர்மென்ட். சுரங்கத்தில் கரி வெட்டுகிற ராட்சச மெஷினில் ஆபரேட்டர் அவர். ஜூன் முப்பதோடு வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பிறகும் கொஞ்ச நாள் இருக்க விடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மாமாவிடம் சொன்னால், “எனக்கு எவன் தயவும் வாணாம்” என்கிறார். குறிஞ்சிப்பாடி பக்கம் அவர் ஊரில் வீடு கட்டி முடித்தாயிற்று. எல்லோரும் அங்கே போகிறோம் என்று முடிவு. முடிவு செய்தவர் அவர் ஒருவர்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை மந்தாரக்குப்பத்தில். கடையிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு மாடிப் போர்ஷன் காலி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. என் பாத்திரத்தை நான் வைத்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பொங்கல் முடிந்ததும் விஜி சொன்னான்: “அப்பாகிட்ட நான் பேசறேன், நாம தனியா போயிடலாம்.” சத்தியமாகச் சொன்னான். வாய் இன்னும் திறக்கவில்லை.

மே 18, ஞாயிறு

மறுபடி செங்குட்டுவன். மறுபடி மேட்ச். இன்றைக்கு நானும் உட்கார்ந்து பார்த்தேன், என்னதான் இதில் இருக்கிறது என்று.

பாதி ஆட்டம் வரை விஜி டீம் நன்றாகத்தான் ஆடியது. அப்புறம் என் மாமனார் பொம்மை நின்றுவிட்டது. ஓடவில்லை, மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி நடக்கிறார். இடுப்பில் கை வேறு. பந்து அவர் காலடிக்குப் போனால் பந்து போனதுதான். வரிசையாக மூன்று கோல் வாங்கினார்கள்.

விஜி எல்லாவற்றையும் உள்ளபடி போட்டிருக்கிறான். ஷாட் பவர் தொண்ணூற்றொன்பது. அப்பா குரலை நினைத்துப் போட்டானாம். முழங்கால் வலிக்காரர் என்று ஸ்டாமினா முப்பத்தெட்டு. அதெல்லாம் சரி. ஆளை மாற்ற வேண்டியதுதானே? ஆட்டத்தை நிறுத்தி, பெஞ்சிலிருந்து ஒருத்தரை இழுத்து மேலே வைத்தால் ஆள் மாறிவிடும். இது எனக்கே பத்து நிமிஷத்தில் புரிந்தது.

“அவர மாத்துங்க” என்றேன்.

“அப்பாவ எப்படி வெளிய எடுக்கறது?”

“அது பொம்மைங்க.”

“பேரு இருக்குல்ல.”

ஆள் களைத்தால் கேமே பார்த்து மாற்றிவிடும் வசதி ஒன்று உண்டாம். அதையும் அணைத்து வைத்திருக்கிறான், தப்பித் தவறி அப்பாவை எடுத்துவிடப் போகிறதே என்று. நான் அவன் முகத்தையே பார்த்தேன். மேட்ச் முடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பொம்மையையே எடுக்கத் துப்பில்லாதவன் நிஜ மனுஷனிடம் போய் ‘வீடு பார்த்திருக்கோம்’ என்று எப்படிச் சொல்வான்?

மே 21, புதன்

எனக்குக் கடை லீவு. விஜி டூட்டி, மாமாவும் டூட்டி. டிவியைப் போட்டு ரிமோட்டை எடுத்தேன். (ரிமோட் இல்லையாம், கன்ட்ரோலராம்.)

முதல் வேலையாக எனக்கு முடி வைத்தேன். நீளமான பின்னல் கிடைக்கவில்லை. எவனோ ஆட்டக்காரன் வைத்திருக்கும் குடுமிதான் கிடைத்தது. மொட்டைக்கு அது மேல். அப்புறம் வேகம், ஸ்டாமினா, குதிப்பது எல்லாவற்றிலும் எனக்குத் தொண்ணூற்றொன்பது போட்டேன். யார் கேட்கப்போகிறார்கள்? பெரியப்பாவைச் சாமி கும்பிட்டுவிட்டு டீமிலிருந்து எடுத்தேன். அவர் இடத்தில் என்னை வைக்கலாம் என்றால் கை வரவில்லை. செத்தவர் இடத்துக்கு எதற்கு? மறுபடி அவரையே வைத்துவிட்டேன்.

அத்தை பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“அது என்னாடி, எம் பேரு?”

சொன்னேன். கோபம் வரும் என்று பார்த்தால், மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கலர் பிடிக்கவில்லை, மெரூன் போடு என்றார். போட்டேன். ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்தார்.

“எல்லாரும் அங்க ஓடறாங்க. நான் மட்டும் ஏன் இங்க தனியா நின்னுகினு இருக்கறன்?”

“நீங்கதான் அத்தை கோல்கீப்பர். வர பந்தப் பிடிக்கணும்.”

“வூட்டுலயும் அதான், இங்கயும் அதானா?” என்று எழுந்து அரிசி களையப் போய்விட்டார்.

மே 25, ஞாயிறு

நாசமாய்ப் போயிற்று.

அத்தை பெருமையாக மாமாவிடம் சொல்லிவிட்டார், நீங்க டிவியில இருக்கறீங்க என்று. மாமா குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ஏதோ பேட்டி எடுக்க வருகிற மாதிரி. கேப்டன் பட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “பெரிய கம்பெனிக்காரன்லாம் வெச்சிருக்கானா என்னை?” என்றார். மகன் வைத்தது என்று சொன்னோம். அதற்கும் சந்தோஷம்தான்.

பிறகு அறுபதாவது நிமிஷம் வந்தது. பொம்மை இடுப்பில் கை வைத்தது.

“ஏன் நிக்கறான் இவன்?”

செங்குட்டுவன் நல்ல பிள்ளை மாதிரி விளக்கம் கொடுத்தான்: “ஸ்டாமினா முப்பத்தெட்டுதாங்க போட்டிருக்கான், அதான்.”

வீடு அதிர்ந்தது. “நேத்துகூட டபுள் டூட்டி பாத்துட்டு வந்து நிக்கறன். எனக்கு முப்பத்தெட்டா? டேய், நீ நாலு படி ஏறினா மூச்சு வாங்கற. உனக்கு எவ்ளோடா போட்டுகினு இருக்கற?” விஜி தனக்கு எண்பத்தைந்து போட்டிருந்தான். அதையும் பார்த்துவிட்டார்.

விஜி பேசாமல் தொண்ணூற்றொன்பது ஆக்கிக் கொடுத்தான். அவ்வளவுதான். மாமா பொம்மை பேய் பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. அந்தக் கோலிலிருந்து இந்தக் கோல் வரை அவரே. ஐந்து கோல். விஜி முதல் தடவையாக ஜெயித்தான்.

ஜெயித்த சூட்டோடு மாமா சொன்னார், ஊர் வீட்டில் மாடியில் எங்களுக்கு ரூம் போடுகிறாராம், கொத்தனாரிடம் சொல்லிவிட்டாராம். “எல்லாரும் ஒண்ணாதான். வெளிய ஏன் போவணும்?”

விஜி என்ன சொன்னான் தெரியுமா? “சரிப்பா.”

மே 26, திங்கள்

சரிப்பாவாம் சரிப்பா! வாயில என்ன கொழுக்கட்டையா? நான் பக்கத்துலதான நிக்கறேன்? இப்ப அவருக்குத் தொண்ணூத்தொம்போது. களைக்கவே மாட்டாரு. ரிடயர்மென்ட்டே கெடையாது. நான் அந்த மாடி ரூம்ல உக்காந்து ‘சரிங்க மாமா, சரிங்க அத்தை’ன்னு கெழவி ஆகணும். குறிஞ்சிப்பாடியிலருந்து தெனம் பஸ் புடிச்சு கடைக்கு வந்து — வேலைய விட்டுடுன்னுதான் அடுத்து சொல்வாங்க. தெரியாதா எனக்கு?

அழுதேன். எழுதிவைக்கிறேன், அப்புறம் இல்லை என்று சொல்லக்கூடாது பார்.

ஜூன் 4, புதன்

வீட்டுக்கார வீரம்மாள் கடைக்கே வந்து கேட்டார்கள். வேறு ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனதாம். “நீ முன்னாடி கேட்டன்னுதான் வெச்சிருக்கறன். பதினஞ்சாந் தேதிக்குள்ள சொல்லிடு கண்ணு.”

விஜியிடம் சொன்னேன். “ரிடயர்மென்ட் ஃபங்க்ஷன் முடியட்டும் திலகா, அன்னிக்கு மனசு நல்லாருக்கும், சொல்லிடறேன்” என்றான். அதற்குள் வீரம்மாள் வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சிவிடுவார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

செய்துவிட்டேன்.

விஜிக்குக் காலை ஷிப்ட். மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை என்று அங்கேயே நிற்கிறான். செங்குட்டுவன் வழக்கம்போல வந்துவிட்டான். மாமாவும் மேட்ச் பார்க்கத் தயாராக உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் அவருக்கு ஞாயிறு என்றால் இதுதான். “ரிலீவர் வந்து கைய வெக்காம மெஷின வுட்டு எறங்கக்கூடாது. அவன் வரட்டும். நீ ஆடும்மா” என்று கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்.

ஆடினேன். மாமா பொம்மை எப்போதும்போலப் பேயாட்டம். ஒருத்தன் காலைத் தட்டிவிட்டு மஞ்சள் கார்டு வாங்கியது. இன்னொன்று வாங்கினால் சிவப்பு, அப்புறம் பத்து பேரோடுதான் ஆடவேண்டும். கேப்டனை எடுப்பதுதான் புத்தி. செங்குட்டுவனே சொன்னான், “எடுத்துடுங்க, ரிஸ்க்கு.”

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். கார்டு ஒரு சாக்கு. எனக்கு வெறி. ஆட்டத்தை நிறுத்தினேன். துரைராஜ் பெயர் மேல் வைத்தேன். பெஞ்சில் என் பெயர் மேல் வைத்தேன். அழுத்தினேன்.

“ஏம்மா, என்னா பண்ற?”

“உங்க ஷிப்ட் முடிஞ்சிடுச்சு மாமா. ரிலீவர் வந்தாச்சு.”

டிவியில் மாமா கைதட்டிக்கொண்டே வெளியே நடந்துவந்தார். அந்த கேமில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். குடுமியோடு நான் உள்ளே ஓடினேன். நிஜ மாமா எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நானாவது கோல் போட்டேனா என்றால் இல்லை. எல்லாம் தொண்ணூற்றொன்பது வைத்துக்கொண்டு, ஆளே இல்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தேன். மேட்ச் டிரா.

ஜூன் 9, திங்கள்

மாமா என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை அத்தை வழியாகத்தான் கேட்கிறார். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு டைபாய்டு கண்டபோது, ஷிப்ட் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்த மனுஷன். அவரை எனக்குப் பிடிக்கும். அவர் கூடவே இருக்கத்தான் பிடிக்கவில்லை.

விஜி விஷயம் கேட்டு வெளிறிப்போனான். “அப்பாவ எடுத்துட்டியா?” என்றான், ஏதோ கொலை செய்துவிட்ட மாதிரி.

“எடுத்துட்டேன்டா.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வெளிய போய்ட்டாரு.”

“ஒண்ணுமே சொல்லலையா?” கட்டிலில் உட்கார்ந்தான். “அடிக்க வரல?”

“ஏன்டா அடிக்க வராரு? அவரு என்ன பூதமா?”

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டான். என் புருஷன் சொல்லிவிட்டான்!

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வந்திருந்தது. மாமா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஹாலில் பேப்பர் விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். அத்தை சுளை எடுத்துக்கொண்டிருந்தார். விஜி போய் எதிரில் உட்கார்ந்தான். நான் சமையலறை வாசலில். அவன் காது நுனி சிவந்திருந்ததை அங்கிருந்தே பார்த்தேன்.

“அப்பா, நாங்க ஊருக்கு வரல. மந்தாரக்குப்பத்துல வீடு பாத்திருக்கோம்.”

மாமா கத்தியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். “யாரு சொன்னது?”

“நான்தாம்பா சொல்றேன். அவள பாக்காதீங்க.”

அந்த ஒரு வார்த்தைக்கு, போன மாதம் முழுக்கத் திட்டினதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை பெருமூச்சு விட்டார். “அப்பாடா” என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“என்னா பாக்கறீங்க? இத்தினி வருசமா மூணு ஷிப்டுக்கும் டிபன் கட்டினன். அவருக்கு ஒரு நேரம், இவனுக்கு ஒரு நேரம். ஊருக்குப் போனாலாவது ஒரு ஒல வெச்சி ரெண்டு பேரும் தின்னுட்டு கம்முனு கெடக்கலாம்னு பாத்தா, நீங்களும் கூடவே வர்றீங்கன்னு சொன்னாரு. வராதீங்கன்னு பெத்த வாயால எப்படி சொல்றது? புள்ள என்னா நெனைக்கும்னு பயந்துகினு இருந்தன்.”

“ஏண்டி, நீ எங்கிட்ட சொன்னியா?” என்றார் மாமா. “புள்ளைய வுட்டுட்டு நீ இருக்க மாட்டன்னுதான நான் மாடில ரூமு போடச் சொன்னன்!”

“நீங்க எங்க கேட்டீங்க?”

நான் சிரித்துவிடுவேன் போலிருந்தது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. பாதி வெட்டின பழத்தை அப்படியே விட்டு எழுந்தார். பிசின் ஒட்டின கையோடு வாசலில் போய் நின்றார். அவர் முதுகைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அத்தை மட்டும் சுளை எடுப்பதை நிறுத்தவில்லை.

ஜூன் 12, வியாழன்

வீரம்மாளிடம் சொல்லிவிட்டேன். விஜியும் வந்தான். மாடியில் நின்று பார்த்தால் மருந்துக்கடை போர்டு தெரிகிறது. இனி பஸ்ஸைத் துரத்த வேண்டியதில்லை.

ஜூன் 30, திங்கள்

மாமாவை மாலையும் சால்வையுமாக வேனில் கொண்டுவந்து விட்டார்கள். பட்டாசு வேறு. சங்கீதா குடும்பத்தோடு வந்திருந்தாள். ஆரத்தி எடுத்தோம். எல்லோருக்கும் கேசரி கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்தது.

கூட்டம் போனபிறகு அவர் மாலையைக் கழற்றாமலே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோனேன். அவராகவே பேசினார். மூன்று வாரத்துக்குப் பிறகு.

“கடைசியா ஒரு பையன் வந்தான் ரிலீவரா. சின்னப் பையன். கைய வெச்சதும் கரி அள்ளற பக்கெட்டு கண்டபடி ஆடிச்சு. திட்டலாம்னு வாயத் தொறந்தன். அப்புறம் எறங்கிட்டன்.”

தண்ணீர் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன்.

“ஏம்மா, அன்னிக்கு என்னை எடுத்துட்டு நீ உள்ள போனியே. கோலு போட்டியா?”

“இல்ல மாமா. வானத்துக்கு அடிச்சிட்டேன்.”

“ம்” என்றார். தண்ணீரைக் குடித்தார். “மொத நாளு அப்படித்தான் இருக்கும்.”

சமையலறைக்கு வந்து கேசரிச் சட்டியைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே அழுதேன். விஜி வந்து என்ன என்றான். போடா என்றேன்.

ஜூலை 3, வியாழன்

இரண்டு வேன். ஒன்று குறிஞ்சிப்பாடி பக்கம், ஒன்று மந்தாரக்குப்பம். டிவி மாமா வாங்கினது, அது அவர்களோடு போயிற்று. விஜி சாகும் முகத்தோடு அந்த கேம் பெட்டியையும் கன்ட்ரோலரையும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வேனில் வைத்தான். நான் சொல்லவில்லை. அவனாகத்தான் வைத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

ஏழரைக்கு எழுந்தேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரத்தை எங்கே வைப்பது என்று யோசித்து, வைத்து, பிடிக்காமல் மாற்றி, மறுபடி மாற்றி வைத்தேன். எவ்வளவு நன்றாக இருக்கிறது! மத்தியானம் இரண்டு பேரும் வெறும் தரையில் படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையில் மனுஷன் என்ன செய்வான் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தோம். செங்குட்டுவன்கூட எட்டிப்பார்க்கவில்லை. டிவி இல்லாத வீட்டுக்கு அவன் ஏன் வருகிறான்?

மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான் விஜி.

“டேய், உங்க ரெண்டு பேரையும் டீம்லருந்து எடுத்துட்டன்.”

இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். போகவேண்டும் போகவேண்டும் என்று நின்றவள் நான்தான். ஆனாலும் அதை அவர் வாயால் கேட்க வலித்தது.

“புதுசா ஒரு டீமு போட்டு அதுல வெச்சிருக்கறன். மந்தாரக்குப்பம்னு பேரு குடுத்திருக்கறன். இந்தப் பட்டன அழுத்தி அழுத்தி காலையிலருந்து கட்டவெரலு வீங்கிப்போச்சு. அந்தப் பொண்ணுதான் கேப்டன். ஆனா ரெண்டே பேரு வெச்சி மேட்ச் ஆட முடியாதாமே. மீதி ஒம்போது பேரு, பேரு இல்லாம நிக்குது. என்னா பேரு போடட்டும்?”

விஜி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தை குரல் கேட்டது. “அத ஏன் அவனக் கேக்கறீங்க? அவங்க ரெண்டு பேரும் பெத்துக் குடுத்தா பேரு வெக்கலாம்!”

மாமா சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. விஜி கட் பண்ணிவிட்டு என்னைப் பார்த்தான். காதெல்லாம் சிவப்பு. ஒன்பது பேரு என்றான் மெதுவாக.

முதலில் ஒரு டிவி வாங்குவோம் என்றேன்.